ஓக்லண்டில் ஆறு நாள்

செப்டம்பர் 23, 2024, திங்கள்
ஃப்ரீமான்ட்

டாலஸிலிருந்து கிளம்பி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நல்ல வெயில். இந்தப் பக்கத்தில் உண்மையான கோடையே செப்டம்பர் கடைசியில்தான் வரும். பத்து வருடத்தில் அதை மறந்துபோய், பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அக்கா மோர் கொடுத்தாள். குடித்து முடிக்கும் முன்பே கவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஃபோனை நீட்டினான்.

"மாமா, லெட்டர் போட்டிருக்காரு. படிச்சீங்களா?"

ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளி ஜான் ஃபிஷர் ரசிகர்களுக்கு எழுதிய கடிதம். ஓக்லண்டிலேயே இருக்க முயன்றோம், முடியவில்லை, அதற்காக வருந்துகிறேன் என்கிறார். நான் கடைசிவரை படித்தேன். கவின் பாதியிலேயே நிறுத்திவிட்டானாம். அவனுக்குப் பதினான்கு வயது. அவன் அறையில் சுவர் முழுக்கப் பச்சையும் மஞ்சளும்தான்.

இந்த வியாழக்கிழமை அந்த அணி ஓக்லண்ட் மைதானத்தில் கடைசியாக ஆடுகிறது. 1968-இல் கான்சஸ் சிட்டியிலிருந்து இங்கே வந்து, 57 சீசன் ஆடி, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை நான்கு முறை வென்ற அணி. அடுத்த வருடம் சாக்ரமென்டோ பக்கம் ஒரு சின்ன மைதானத்தில் ஆடும். அப்புறம் 2028-இல் லாஸ் வேகஸ். அமெரிக்காவில் பேஸ்பால் அணி தனியார் சொத்து. மற்ற அணி முதலாளிகள் சம்மதித்தால் முதலாளி அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். போன நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. முப்பதுக்கு முப்பது பேரும் சம்மதித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு ஓட்டு கிடையாது.

2011 முதல் 2014 வரை நான் ஃப்ரீமான்ட்டில் இருந்தேன். வேலை புதிது, ஊர் புதிது, சாயங்காலம் போக இடமில்லை. ரயிலில் ஏறினால் மைதானம், சில புதன்கிழமைகளில் டிக்கெட் இரண்டே டாலர். ஒன்றும் புரியாமல்தான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்காமலே சொல்லிக்கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 3, ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனேன். சீசனின் கடைசி நாள். ஒன்பது ஆட்டம் மீதி இருந்தபோது டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு ஐந்து ஆட்டம் பின்னால் இருந்த அணி, அன்றைக்கு அதே டெக்சஸை 12-5 என்று அடித்துப் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வருடம் பூராவும் தனியாக முதலிடத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான். முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றிலிருந்து நான் இந்த அணியின் ஆள்.

கவினுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவனோ இரண்டு வருடமாக, ஒரே ஒரு ஆட்டம் தவிர, மைதானத்துக்கே போகவில்லை. "நான் போனா அந்தக் காசு ஃபிஷருக்குப் போகும் மாமா" என்பான். இந்த முறை டிக்கெட்டை அணியிடம் வாங்காமல், சீசன் டிக்கெட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கினேன். ஒன்று 140 டாலர். காசு ஒரு ரசிகருக்குத்தான் போகிறது என்று சொன்ன பிறகே கூட வரச் சம்மதித்தான்.

செப்டம்பர் 24, செவ்வாய்
ஃப்ரூட்வேல், ஜாக் லண்டன் சதுக்கம்

கவினுக்குப் பள்ளிக்கூடம். நான் மட்டும் கிளம்பினேன். ஃப்ரூட்வேலில் இறங்கி ஒரு வண்டிக்கடையில் மூன்று டாக்கோ, ஒரு தர்பூசணி ஜூஸ். மொத்தம் 16 டாலர். பத்து வருடத்துக்கு முன் இதில் பாதிக்குள் முடிந்துவிடும். ருசி மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டிக்கார அம்மா என் தொப்பியைப் பார்த்து இரண்டு எலுமிச்சைத் துண்டு கூடுதலாக வைத்து, நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது.

அப்புறம் ஜாக் லண்டன் சதுக்கம். கடல் ஓரமாக மேற்கே பார்த்தால் ஹோவர்ட் டெர்மினல் தெரிகிறது. கண்டெய்னர் பெட்டிகள், லாரிகள், அந்தப் பக்கம் பெரிய வெள்ளைக் கிரேன்கள். புது மைதானம் வருவதாக இருந்தது அங்கேதான். 35,000 இருக்கை, சுற்றிலும் மூவாயிரம் வீடு, மொத்தம் 1,200 கோடி டாலர் திட்டம் என்று படம் படமாகக் காட்டினார்கள். கவின் எட்டு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது இன்னும் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஏப்ரலில், வேகஸில் நிலம் பேசி முடித்துவிட்டோம் என்று செய்தி வந்தது. ஓக்லண்ட் நகராட்சியும் வேகமாக நடக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தருகிறது என்றதும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே ஆளில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, அதை இங்கே எழுதிவிடுகிறேன். டாலஸில் என் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது: ஓக்லண்டில் கூட்டமே வராது, அப்புறம் அணி எப்படி அங்கே இருக்கும்? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துச் சொல்கிறார்கள்.

1979-இல் சார்லி ஃபின்லி என்பவர் முதலாளி. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அணி 108 ஆட்டம் தோற்றது. அந்த வருடம் பூராவும் வந்தவர்கள் 3,06,763 பேர். ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு வெறும் 653 பேர். 1980-இல் லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹாஸ் வாங்கினார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார், ஊரோடு கலந்து பழகினார். 1988, 89, 90 மூன்று வருடமும் அணி உலகத் தொடர் ஆடியது. 1990-இல் வந்த கூட்டம் 29 லட்சம். அதே ஊர், அதே சிமென்ட் மைதானம், அதே ரயில். மாறியது முதலாளி மட்டும்தான்.

ஃபிஷரும் ஒரு ஜீன்ஸ் குடும்பம்தான். அவருடைய அப்பா அம்மா தொடங்கியதுதான் கேப் கடைகள். 2005-இல் வாங்கிய அணி. 2019-இல் 97 ஆட்டம் வென்றபோது 16 லட்சத்துக்கு மேல் ஆள் வந்தது. 2021 சீசன் முடிந்ததும் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பினார்கள். அதோடு சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள். 2022-இல் அணி 102 ஆட்டம் தோற்றது, வந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2023-இல் 112 தோல்வி. கடையில் இருந்த சரக்கையெல்லாம் தூக்கிவிட்டு, விலையையும் ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வோமா?

ராத்திரி டிவியில் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் ஜெயித்தார்கள். கவின் கத்திய கத்தில் அத்தான் தூக்கம் கலைந்து கீழே வந்துவிட்டார்.

செப்டம்பர் 25, புதன்
மைதானம், இரவு ஆட்டம்

அதே நடைபாலம். அதே வியாபாரிகள். இரும்புத் தட்டில் வெங்காயமும் குடைமிளகாயும் வதங்க, பன்றி இறைச்சி சுற்றிய ஹாட்டாக் வாசனை பாலம் முழுக்க வீசுகிறது. ஒன்று பத்து டாலர். நான் வாங்கினேன், கவின் தண்ணீர் மட்டும் வாங்கினான்.

அவன் போட்டிருந்தது பச்சை டிஷர்ட். நெஞ்சில் ‘செல்’ என்று நான்கு ஆங்கில எழுத்து, விற்றுவிடு என்று அர்த்தம். ஓக்லண்ட் 68ஸ், லாஸ்ட் டைவ் பார் என்ற ரசிகர் குழுக்கள் சேர்ந்து 2023 ஜூன் 13 அன்று ஒரு காரியம் செய்தார்கள். வராமல் இருந்து காட்டியது போதும், ஒருநாள் எல்லோரும் வந்து காட்டுவோம் என்று அழைத்தார்கள். 27,759 பேர் வந்தார்கள். அணியும் அன்றைக்கு ஜெயித்தது. முதலாளியே அணியை விற்றுவிடு என்ற கோஷம் தொலைக்காட்சி வர்ணனையைத் தாண்டிக் கேட்டது. அன்று வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த டிஷர்ட் இது. இந்த இரண்டு வருடத்தில் கவின் அழுது அடம்பிடித்து அத்தானோடு போன ஒரே ஆட்டம்.

மைதானத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பழசுதான். தாழ்வாரங்களில் வெளிச்சம் போதவில்லை, சிமென்ட் எங்கும் கறை. 2013-இல் சாக்கடை பொங்கி ஆட்டக்காரர்களின் அறைக்குள்ளேயே வந்தது. முன்பு இங்கே உட்கார்ந்தால் ஓக்லண்ட் மலை தெரியுமாம். அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப வரவழைக்க 1995-96-இல் நடுவில் ஒரு பெரிய சிமென்ட் சுவர் போல இருக்கைகளைக் கட்டி மலையை மறைத்துவிட்டார்கள். அந்தக் கால்பந்து அணியும் 2020-இல் வேகஸ் போய்விட்டது. சுவர் மட்டும் நிற்கிறது. அதற்கு முந்தின வருடம் கூடைப்பந்து அணி கடலைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போனது. ஐந்து வருடத்தில் மூன்று அணிகளையும் இழக்கும் ஊர் இது.

எங்கள் வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறார். கவின் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரு வைர வடிவம், பேட்டர் ஓடிச் சேர வேண்டிய நான்கு பேஸும் மைதானத்தில் அதே வடிவில்தான் இருக்கின்றன. முதல் பேஸுக்குப் போனால் வைரத்தின் ஒரு பக்கம், அடுத்ததற்கு அடுத்த பக்கம். சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் நான்கு பக்கமும் நிறைந்து, வைரத்தை உள்ளே கருக்கிவிட வேண்டும். பேட்டர் கடைசிப் பந்தை அடிக்கப் பார்த்துத் தவறினால் ‘கே’ நேராக, அசையாமல் நின்று அவுட்டானால் ‘கே’ இடவலம் திருப்பி. கவின் நேராகப் போட்ட ஒரு கே-யை அவர் தன் ரப்பரால் அழித்துத் திருப்பிப் போட வைத்தார். "அவன் மட்டையை அசைக்கவே இல்லை. அசைக்காததை அசைத்ததாக எழுதக்கூடாது" என்றார்.

1970களிலிருந்து வருகிறவராம். நாற்பது வருடத்து அட்டைகள் வீட்டில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. 2022-லிருந்து அநேகமாக வருவதில்லை. "தோற்கிற அணியைப் பார்க்க எனக்குக் கஷ்டமில்லை. 79-லேயே பார்த்தவள் நான். வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் எழுதவில்லை.

எனக்கு அது சுருக்கென்று பட்டது. வராதவர்கள் பாசம் விட்டுப்போனவர்கள் என்று நானும் தூரத்தில் இருந்துகொண்டு நினைத்திருக்கிறேன். என் அக்கா மகனையே அப்படி நினைத்தேன்.

ஆட்டம் தோல்வி, 5-1. ராத்திரி கடல் காற்று எலும்பில் இறங்கியது. பெட்டியில் வந்த இரண்டு ஸ்வெட்டருக்கும் வேலை வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று அந்த அம்மாவுக்கு. கடைசிப் பந்து முடிந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கவினின் தாளை வாங்கி ஒருமுறை சரிபார்த்து, அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

செப்டம்பர் 26, வியாழன்
கடைசி ஆட்டம்

ஆட்டம் 12:37-க்கு. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். கவினுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு அக்கா மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். காரணம் என்ன போட்டாய் என்று கேட்டேன். "குடும்பத்துல ஒரு துக்கம்னு போட்டேன்டா. வேற என்ன போட?" என்றாள்.

புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள், எவர்சில்வர் சம்படத்தில். அம்மா மதுரையிலிருந்து கொடுத்தனுப்பிய சம்படம், மூடியில் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். வண்டி நிறுத்துமிடம் முழுக்க அடுப்பும் புகையும். அங்கே நின்றே சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு விளக்குக் கம்பத்தடியில் திறந்தோம். பக்கத்தில் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம். தாத்தா, மகள், மருமகன், இரண்டு பேரன். தாத்தா எங்களைப் பார்த்து முதலில் சொன்னது, "நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது." இரண்டு மடக்கு நாற்காலி வந்தது.

புளியோதரையை எடுத்து நீட்டினேன். தாத்தா முதல் வாய் போட்டுவிட்டு நிலக்கடலையை மென்றார். புளி என்று சொன்னதும் "தமரிந்தோ!" என்று மகளைக் கூப்பிட்டார். மெக்ஸிகோவில் அவர் அம்மா புளித் தண்ணீர் கலந்து கொடுப்பாராம். சின்னப் பேரன் மட்டும் காய்ந்த மிளகாயைக் கடித்துவிட்டான். கவின் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான்.

பிரச்சினை அப்புறம்தான். சம்படத்தோடு உள்ளே விடமாட்டார்கள் என்று நுழைவாயிலில் நின்ற ஊழியர் சொல்லிவிட்டார். திரும்ப வந்தோம். தாத்தா வாங்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டார். "முடிந்ததும் இதே கம்பத்தடிக்கு வாருங்கள்."

உள்ளே 46,889 பேர். இத்தனை பேரை நான் இங்கே பார்த்ததே இல்லை. வலப்பக்கம் பெஞ்சுகளிலிருந்து முரசுச் சத்தம். கொடிகள். வேலியில் தொங்கிய பதாகைகளில் பாதி முதலாளியைத் திட்டுகின்றன, மீதி நன்றி சொல்கின்றன. பேரி ஜிட்டோ வந்து தேசிய கீதம் பாடினார். 2000களின் தொடக்கத்தில் இந்த அணியின் பெரிய பிட்சர், அதாவது பந்து எறிபவர். முதல் பந்தை எறிய ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் வந்தார்கள். இருவரும் இந்த ஊரிலேயே வளர்ந்த பையன்கள். பேஸ்பாலில் பேஸ் திருடுவது என்று ஒன்று உண்டு, பந்து வீசும் நொடியில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. ரிக்கி 1,406 முறை திருடியவர். கிட்டத்தில்கூட யாரும் இல்லை. இந்தப் புல்தரைக்கே அவர் பெயர்தான். அவர் நடந்து வந்தபோது எழுந்த சத்தத்தில் காலடி சிமென்ட் அதிர்ந்தது.

எதிரணி டெக்சஸ். எனக்கு 2012 ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அவர்களுடைய பிட்சர் பெயர் குமார் ராக்கர், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "குமாரா? பாவம்டா, ஜெயிக்கட்டும்" என்று பதில். கவின் அதைப் படித்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்மா, அடுத்த ஆட்டத்துல ஜெயிக்கட்டும்" என்று பதில் போட்டான்.

வெயில் கொளுத்தியது. தொப்பியைக் கழற்றிக் கழற்றி ஆட்டியதில் மூக்கும் நெற்றியும் வெந்துபோயின. இதை எழுதும்போதும் எரிகிறது. கோஷம் வரும், அடங்கும், மறுபடி வரும். ‘விற்றுவிடு’ என்று ஒரு மூலையில் தொடங்கினால் மைதானம் சுற்றி வந்து முடியும். அடுத்த பந்துக்கே ஒரு பையன் ஓடிப் பிடித்துவிட்டால் அதே வாய்கள் அவனுக்குக் கத்துகின்றன. முதலாளியையும் ஆட்டக்காரர்களையும் இவர்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. இந்த வருடமும் 90 தோல்வி. அந்தப் பையன்களை ஒருவரும் திட்டவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ் சமயத்தில் தண்ணீர் வாங்கப் போனேன். படிக்கட்டின் தலைப்பில் ஒரு மூதாட்டி, இருக்கை காட்டும் ஊழியர். அவர் முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. டிக்கெட் காட்டத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொருவராகப் போய் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு வருகிறார்கள். ஒரு ஆள், என்னைவிட ஒரு முழம் உயரம், "நான் ஆறு வயதில் தொலைந்துபோனபோது நீங்கள்தான் அம்மாவிடம் சேர்த்தீர்கள்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கினார். மூதாட்டி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, பின்னால் வழி மறைக்காமல் ஒதுங்கி நிற்கும்படி எங்களுக்குக் கை காட்டினார். நாளையிலிருந்து அவருக்கு இங்கே வேலை இல்லை. அணி இடம் மாறுகிறது என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரிக்குள் இவரும் இருக்கிறார், பாலத்தில் வெங்காயம் வதக்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் வேலி தாண்டி உள்ளே ஓடினார்கள். சில சாமான்கள் வந்து விழுந்தன. கலவரமாகிவிடுமோ என்று கவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர்களே "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தி அடக்கினார்கள். எங்கள் பிட்சர் மேசன் மில்லர் வந்து முடித்துவைத்தார். 3-2. ஜெயித்துவிட்டோம்.

யாரும் எழுந்து போகவில்லை. மேலாளர் மார்க் காட்சே மைக் வாங்கி நன்றி சொன்னார். இங்கே ஆட்டக்காரராகவும் இருந்தவர் அவர். கடைசியாக ஒருமுறை "லெட்ஸ் கோ ஓக்லண்ட்" சொல்லலாமா என்று கேட்டு அவரே தொடங்கினார். நாற்பத்தாறாயிரம் பேர் சொன்னோம். 2012-இல் இதே மைதானத்தில் ப்ளே-ஆஃபில் டெட்ராய்டிடம் தோற்று வெளியேறிய ராத்திரியும் இப்படித்தான் கலையாமல் நின்று அதையே சொன்னோம். அன்றைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது.

மைதானப் பணியாளர்கள் பேஸ் ஓரத்துச் செம்மண்ணை அள்ளி வேலியோரம் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். கவின் கூட்டத்தில் நுழைந்து போனான். கால் மணி நேரம் கழித்து ஒரு காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். பாதி மண்.

வெளியே வரும்போது கம்பத்தடியில் வண்டி இல்லை. இரண்டு மணி நேரம் தாமதித்துவிட்டோம். சம்படம் போனது போனதுதான், அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபடி கிட்டே போனேன். கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு துணிப்பை கட்டித் தொங்குகிறது. உள்ளே சம்படம். கழுவித் துடைத்திருந்தது. திறந்தால் அலுமினியத் தாளில் சுற்றிய சோளரொட்டிகள், இன்னும் லேசாகச் சூடு.

வீட்டில் அக்கா திறந்து பார்த்தாள். "வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அவங்க ஊர்லயும் உண்டு போலடா" என்றாள். ரொட்டியை எடுத்து வேறு தட்டில் வைத்துவிட்டு, கவின் கேட்குமுன்பே சம்படத்தைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். மண் அதில் இருக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி
மேற்கு ஓக்லண்ட்

உடம்பெல்லாம் வலி. பத்து மணிக்குத்தான் எழுந்தேன். சாயங்காலம் கவின் என்னை ரைமாண்டி பூங்காவுக்குக் கூட்டிப்போனான். ஓக்லண்ட் பாலர்ஸ் என்று ஒரு புதிய அணி, இந்த வருடம்தான் தொடங்கியது, பயனியர் லீக் என்ற சின்ன லீக்கில் ஆடுகிறது. அதன் மைதானம் இது. ஒரு நெடுஞ்சாலையும் கிடங்குகளும் பக்கத்தில். சீசன் முடிந்து பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே இரண்டு சின்னப் பையன்கள் டென்னிஸ் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த அணியில் ரசிகர்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்காக நிர்வாகக் குழுவில் ஓர் இடம் உண்டு.

"நீ இவங்களுக்கு மாறிடலாமே?" என்றேன்.

வேலிக் கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டு நின்றான். "இவங்க நல்லவங்க மாமா. சின்ன லீக், பரவாயில்ல. ஆனா ப்ரென்ட் ரூக்கர் இங்க இல்லையே. லாரன்ஸ் பட்லர் இல்லையே. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் அந்த அணியின் பெயரில் ஓக்லண்ட் இருக்காது. சாக்ரமென்டோவும் இருக்காது. ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் அத்லெடிக்ஸ். நான்கு முறை இந்த ஊரின் பெயரோடு உலகத் தொடரை வென்ற அணியை, சொல்லிக்கொள்ள ஓர் ஊர்ப் பெயர்கூட இல்லாமல் மூன்று வருடம் ஓட்டப்போகிறார்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போவதையாவது ஏதோ ஒரு கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 28, சனி
கொலிசியம் நிலையம்

ஓக்லண்ட் விமான நிலையத்துக்கு மைதானத்தின் நிலையத்தில்தான் ரயில் மாற வேண்டும். கவின் வழியனுப்ப வந்தான். மேல் நடைமேடையிலிருந்து அந்தச் சிமென்ட் வட்டம் முழுசாகத் தெரிகிறது. பாலத்தில் ஒரு வியாபாரியும் இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் வரிசையாக.

நேற்று முழுக்க, இனிமேல் இந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவிடமும் சொன்னான், அத்தானிடமும் சொன்னான். அணி இப்போது சியாட்டலில் இருக்கிறது, இன்னும் இரண்டு ஆட்டம் மீதி. சட்டையில் ஓக்லண்ட் பெயர் இருக்கும் கடைசி இரண்டு.

விமான நிலையத்துக்கான வண்டி வந்து கதவு திறந்தது. பெட்டியை உள்ளே தள்ளினேன். அவன் பையில் பென்சில் நீட்டிக்கொண்டிருந்தது, அந்த அம்மா கொடுத்தது.

"மாமா, சியாட்டல் ஆட்டம் இன்னிக்கு எத்தனை மணிக்கு?"

கதவு மூடுவதற்குள் ஃபோனில் தேடிச் சொன்னேன்.